சொல்லாக்கியார்

காலை ஆறரை மணிக்கு டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருவார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் சிவப்பு ஒன்று நீலம் ஒன்று என இரண்டு பேனா. "தம்பி, ஒரு குளம்பி" என்பார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன், "குழம்பெல்லாம் பதினோரு மணிக்கு மேலதான் ஐயா" என்று சொல்லி மாட்டிக்கொள்வான். காப்பிக் கொட்டை மாட்டின் குளம்பு மாதிரி பிளந்திருக்கிறது, ஆகவே குளம்பி. இது ளகரம், நீ சொன்னது ழகரம், இரண்டுக்கும் நாக்கு போகும் இடம் வேறு. பாடம் முடிவதற்குள் காப்பி ஆடை கட்டிவிடும்.

சொல்லாக்கியார் ஊருக்கு ஒருவர் உண்டு. தமிழாசிரியராக இருந்திருப்பார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். விசாரித்தால், ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பது வருடம் ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவர் என்று தெரியவரும். பணி ஓய்வு அன்று போட்ட சால்வையோடு சேர்ந்து தமிழும் தோளில் ஏறிக்கொண்டது. அன்று முதல் ஒரு குறிப்பேடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் இவர் வடித்தது.

கைப்பேசி வந்ததும் இந்தத் தொழில் பெருகிவிட்டது. வாட்ஸ்அப்பைப் 'புலனம்' என்பார். யூடியூப் வலையொளி, இன்ஸ்டாகிராம் படவரி, ப்ளூடூத் ஊடலை, வைஃபை அருகலை, மீம் போன்மி, ஸ்கைப் காயலை. பல வருடமாகத் தமிழர்களின் கைப்பேசிகளைச் சுற்றிவரும் பட்டியல் இது. பார்த்தவுடன் பத்துப் பேருக்கு அனுப்பிவைப்பார். கம்பெனிகளின் பெயரை எதற்கு மொழிபெயர்க்க வேண்டும், கோத்ரெஜும் கோல்கேட்டும் மட்டும் எப்படித் தப்பித்தன என்று யாராவது கேட்டால், கேட்டவரைக் குழுவிலிருந்து நீக்குவார். ஸ்கைப்பை அதன் முதலாளிகளே 2025-இல் மூடிவிட்டார்கள். காயலை மட்டும் பட்டியலில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வீட்டில் நிலவரம் வேறு.

"சார்ஜரைப் பாத்தீங்களா?"

"மின்னூக்கி என்று சொல். தருகிறேன்."

"ஏங்க, பையன் துபாய்ல இருந்து கூப்பிடுற நேரம். போன் உயிரை விடுது."

கேட்ட பொருள் உடனே கைக்கு வந்துவிடும். சொல்லாக்கத்தில் இவர் விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் இதுதான்.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் சிரிக்கிற வாய்க்குள்ளேயே இவருடைய முன்னோர்கள் ஆக்கித்தந்த சொற்கள் நிறைய இருக்கின்றன. ஒரு காலத்தில் தேர்தலில் அபேட்சகர்தான் நின்றார். வேட்பாளர் பிறகு வந்தவர். கூட்டத்துக்கு அக்கிராசனர் தலைமை வகித்தார், காரியதரிசி நன்றி சொன்னார், நடுவில் ஒருவர் பிரசங்கம் செய்தார். தலைவர், செயலாளர், சொற்பொழிவு எல்லாம் மேடை மேடையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கப்படுத்தியவை. அந்த நாளிலும் கேலி செய்ய ஆள் இருந்திருக்கும்.

பாரதியே இதில் தடுமாறியவர். 'மெம்பர்' என்பதற்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் யோசித்ததாக ஒரு கட்டுரையில் சொல்கிறார். நினைத்துப் பார்த்த சொற்களில் ஒன்றும் மனசுக்குப் பிடிக்காமல், கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டார். மகாகவிக்குச் சிக்காத அந்தச் சொல் இன்று கூட்டுறவுச் சங்க அட்டையில் 'உறுப்பினர் எண்' என்று சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் சொல்லாக்கியாரின் குரல் தழுதழுக்கும். பாரதிக்கு முடியாதது தனக்கு முடியும் என்பதா, அல்லது பாரதியும் தன்னைப் போல அவதிப்பட்டான் என்பதா, தழுதழுப்புக்குக் காரணம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

இவருடைய எதிரி ஆங்கிலம் என்று நினைத்தால் தவறு. எதிரி பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு சொல்லாக்கியார். இவர் கைப்பேசி என்றால் அவர் அலைபேசி என்பார். மூன்றாவதாக ஒருவர் செல்பேசி என்று, 'செல்' என்ற ஒலியைக் காப்பாற்றியபடியே இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்ப்பார். செல்ஃபிக்குத் தம்படமா, தற்படமா, சுயமியா என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இதற்கிடையில் ஊரே செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டது. கார் 'மகிழுந்து' என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு. மாதத் தவணை கட்டுகிறவர்களுக்கு அதில் எங்கே மகிழ்ச்சி என்று டீக்கடைக்காரர் கேட்டபோது, இருவரும் சேர்ந்தே கோபித்துக்கொண்டார்கள்.

சொல் பிறந்தால் போதாது, அகராதியில் ஏற வேண்டும் என்பது இவருடைய தவம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924-இல் வெளிவரத் தொடங்கி 1936-க்குள் ஆறு தொகுதிகளாக முடிந்துவிட்டது. இவர் பிறப்பதற்கு முன்பே கதவைச் சாத்திய குற்றம் அதன்மேல். தேவநேயப் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி 2011-இல் நிறைவடைந்தது. அதன் 31 பாகங்களையும் நூலகத்தில் தடவிப் பார்த்திருக்கிறார். ஆனால் மனக்குறை முழுவதும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேல்தான். 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்பு வந்தும் இவர் சொல் ஒன்றுகூட இல்லை. அந்த அகராதிக்காரர்கள் ஒரு சொல்லின் அழகைப் பார்ப்பதில்லை. அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எந்த வாக்கியத்தில் என்ன பொருளில் புழங்குகிறது என்று பார்க்கிறார்கள். இவரிடமும் சான்று இருக்கிறது. சொந்தச் செலவில் அச்சிட்ட கையேடு, 200 படிகள். அதில் 170 கட்டிலுக்கு அடியில்.

2016-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 'ஐயோ'வைச் சேர்த்துக்கொண்டது. அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் முன்பே கப்பலேறிப் போய் ஆங்கிலமானவைதாம் என்று விரல் விட்டு எண்ணினார். ஐயோவை எந்தக் குழு கூடி ஆக்கியது, எந்தக் கையேட்டில் போட்டார்கள் என்று பேத்தி கேட்டாள். மிட்டாய் இன்னொன்று கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் இவர் அடக்கமாகப் பேசுவார். 'ஊனமுற்றோர்' என்று எழுதியிருந்த இடங்களில் 2010 வாக்கில் 'மாற்றுத்திறனாளி' வந்தது. பஸ் இருக்கைக்கு மேலே எழுதினார்கள், விண்ணப்பப் படிவத்தில் அச்சடித்தார்கள், சில வருடத்தில் கிராமத்துக் கிழவிகள்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை. "அந்தச் சொல்லை நான் ஆக்கியிருந்தால்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் பேனாவை மூடிவிடுவார்.

போன மாதம் நடந்தது இது. பேருந்து நிலையத்தில் (பலகையில்தான் அப்படி, ஊருக்கு அது பஸ் ஸ்டாண்டு) யாரோ ஒரு மாணவனிடம் நடத்துநர், ஓட்டுநர், சிற்றுந்து, சரக்குந்து என்று விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் இவர் ஏற வேண்டிய வண்டி கிளம்பிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓட ஓட, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்: "ஓல்டான்! ஓல்டான்! யோவ் கண்டக்டர், பஸ்ஸ நிறுத்துய்யா!"

வண்டி நின்றது.

டீக்கடையில் இப்போதெல்லாம் ஒரு புதுச் சொல் கேட்கிறது. "மாஸ்டர், எனக்குப் புலவர் காப்பி" என்கிறார்கள். சூடு ஆறி, மேலே ஆடை படிந்து, மடக்கென்று குடிக்கத் தோதான காப்பி என்று பொருள். அவசரமாக வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆட்டோ ஸ்டாண்டு வழியாக அது அடுத்த தெருக் கடைக்கும் போய்விட்டது. அங்கே கேட்கிறவர்களுக்குப் புலவர் யார் என்றே தெரியாது. சொல்லாக்கியார் காதிலும் விழுந்தது. குறிப்பேட்டைத் திறந்து, காப்பி என்பதை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே குளம்பி என்று எழுதிக்கொண்டார்.