வண்டிக்கும் கேஸ் ட்ரபிள்

மணவாள நகரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எதிர்வீட்டுக்காரருக்குப் புறா. மாடி வீட்டுக்காரருக்கு ஏலச்சீட்டு. எனக்கு ஜிப்சி.

1997 மாடல் ஜிப்சி கிங், 1,298 சிசி, கார்புரேட்டர் வண்டி. மூன்று கை மாறி 2016ல் என் தலையில் விழுந்தது. இந்த ஆசை எனக்குத் தானாக வரவில்லை, ஊர் கொடுத்த வியாதி. பக்கத்து அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1998 முதல் மிட்சுபிஷி லேன்சரைச் செய்தது, பிறகு பஜேரோவையும் பூட்டி அனுப்பியது. நம்பர் போடாத பஜேரோ கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவன் நான். என் சம்பளத்துக்குப் பஜேரோவின் டயர் வாங்கலாம், அதுவும் தவணையில். ஆகவே ஜிப்சி.

வண்டி வந்த அன்றே வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது.

"ஏங்க, கியர் பக்கத்துல இன்னொரு குச்சி இருக்கே, அது எதுக்கு?"

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மலை ஏறலாம்."

"நம்ம ஊர்ல ஏறுறதுக்கு ரயில்வே மேம்பாலம்தானே இருக்கு?"

அன்றிலிருந்து அந்தக் குச்சியில் காய்கறிக்கான மஞ்சப்பை தொங்குகிறது. பாரம் தாங்க உகந்த இடம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலை அம்பத்தூரில். வாரத்துக்கு ஆறு நாள் மின்சார ரயில், சீசன் டிக்கெட். வண்டி வெளியே வருவது ஞாயிறு, அமாவாசை, முகூர்த்தம் என்று பஞ்சாங்கம் சொன்னால்தான். மாதம் 250 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வயசான வண்டி, என் கால் கனமும் சேர்ந்து, லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தந்தது. பெட்ரோல் அப்போது 70 ரூபாய் சுமாருக்கு விற்றது. கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் ரூபாய். அந்த நேரத்தில்தான் மெக்கானிக் தம்பி காதில் ஓதினான்.

"கேஸுக்கு மாத்திடுண்ணே. லிட்டர் நாப்பது ரூபாதான். நாலே மாசத்துல போட்ட காசு வந்துடும்."

பொய் சொல்லவில்லை அவன். அவன் கணக்கு தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் ஷேர் ஆட்டோவுக்கானது. அதை நான் தெரிந்துகொண்டது கிட்டுக்கு 28,000 ரூபாய் எண்ணிக் கொடுத்த பிறகு.

எரிவாயுவில் வண்டி ஓட்ட இந்தியாவில் சட்டம் வழிவிட்டது 2000ல். அதை நம்பி, ஆர்.சி.யில் பதிவு, இன்சூரன்சில் பதிவு என்று எல்லாம் முறைப்படி செய்தேன். இன்சூரன்சில் மூன்றாம் நபர் பங்குக்குக் கூடுதலாகக் கேட்டது 60 ரூபாய். இந்த வண்டி விஷயத்தில் எனக்கு மலிவாகக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

ஒரு லிட்டர் கேஸில் பெட்ரோலைவிடக் கால் பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் ஏழரைக்கு இறங்கியது. போகட்டும். டேங்க் 60 லிட்டர். கேஸ் விரிய இடம் வேண்டுமாம், 80 சதவீதத்தில் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆக 48 லிட்டர், 360 கிலோமீட்டர். நான் கேஸ் போடும் பங்க் பூந்தமல்லிப் பக்கம். போய்வர 55 கிலோமீட்டர். அதாவது ஒவ்வொரு டேங்கிலும் ஏழில் ஒரு பங்கு கேஸை, கேஸ் வாங்கப் போவதற்கே எரிக்கிறேன். இத்தனையும் போக மிச்சம் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். போட்ட காசு திரும்ப 18,667 கிலோமீட்டர் ஓட வேண்டும். என் ஓட்டத்துக்கு ஆறு வருஷத்துக்கு மேல்.

இந்தக் கணக்கைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டு, பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அடியில் இருந்த பக்கத்தில் பேனா அழுத்தம் பதிந்திருந்ததை வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

எட்டுப் பேர் வண்டி. பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. நடுவில் டேங்க் வந்து உட்கார்ந்ததும் இரண்டு பேர் இடம் போயிற்று, மற்றவர்கள் கால் நீட்டும் பாக்கியமும் போயிற்று. ஒரு ஆடி அமாவாசைக்கு உறவினர்களைக் கூட்டிக்கொண்டு வீரராகவர் கோயிலுக்குக் கிளம்பினேன். மேம்பாலம் ஏறும்போது மாமியார், "மாப்ளே, கேஸ் வாசனை வருதே" என்றார். அடுத்த விநாடி என் மனைவி, "ஐயோ, அடுப்பை அணைச்சேனா?" பாலத்தை இறங்கித் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அடுப்பு சமர்த்தாக அணைந்திருந்தது. மெர்கேப்டான் என்று ஒரு ரசாயனம், கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று கலக்கிறார்கள். அது டேங்கிலிருந்து வந்த வாசனை. தம்பி சோப்புத் தண்ணி தடவிப் பார்த்து, குமிழி விட்ட நட்டை இறுக்கினான். மாமியார் அதற்குப் பிறகு கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில்தான் போகிறார். அந்த ஆட்டோவும் கேஸ்தான் என்று இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வாசனை போனது, வெடி வந்தது. கார்புரேட்டர் வண்டியில் கேஸும் காற்றும் மிக்சரில் கலந்து உள்ளே போகும். ஸ்பார்க் பிளக் சோர்ந்தாலோ டைமிங் பிசகினாலோ நெருப்பு வந்த வழியே திரும்பும். மாதக் கணக்கில் பிளக்கை நான் கவனிக்கவில்லை. டீக்கடை வாசலில் ஒருநாள் "டமார்!" ஏர் ஃபில்டர் மூடி பிய்த்துக்கொண்டு பானெட்டில் முட்டியது. கல்லாவில் இருந்தவர் எழுந்து கைகூப்பினார்.

"இன்னா சார், வெடி போட்டுக்கினு வர்றீங்க. யாரு தவறிட்டாங்க?"

என் பர்ஸ் என்று சொன்னேன்.

நல்ல காலமும் உண்டு. 2021 ஜூலை 2ஆம் தேதி சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. ஊரே வயிறெரிந்த அன்று, வெளியே சொல்லக்கூடாது, உள்ளூர எனக்குத் தீபாவளி. ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் வரியைக் குறைத்தபோது மொத்த மாநிலத்திலும் வருத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேஸும் கூடவே ஏறியிருந்ததைப் பங்கில் பில் வாங்கும்போதுதான் கவனித்தேன்.

அடுத்த ஆண்டு சனி பிடித்தது. மே மாதம் ஆர்.சி. காலாவதி. மார்ச் கடைசியில் போயிருந்தால் 600 ரூபாய். "இருக்கட்டும், சம்பளம் வரட்டும்" என்று தள்ளினேன். ஏப்ரல் 1 முதல் பழைய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆகிவிட்டது. அதே ஆண்டு டேங்குக்கு ஐந்து வருஷச் சோதனையும் வந்தது. பிரேக் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தவனுக்கு வரிசையாகச் செலவு. இருபது வயது தாண்டிய காருக்கு 2025ல் புதுப்பிப்புக் கட்டணத்தையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2027.

நாலு சக்கர இழுவை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த மறுநாள், கூவத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கப் போனேன். ஓரத்துச் சேற்றில் பின்சக்கரம் புதைந்தது. இதற்காகத்தானே பிறந்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மஞ்சப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குச்சியைத் தள்ளினேன். இந்த வண்டியில் அது மட்டும் போதாது. கீழே இறங்கி முன்சக்கரம் இரண்டிலும் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். முழங்கால் சேற்றில் குந்தித் திருகினேன். ஏழு வருஷத் துரு, அசையவில்லை. கடைசியில் தக்காளி ஏற்றிவந்த ஒரு குட்டி யானை கயிறு கட்டி இழுத்துப் போட்டது.

"சார், இது ஃபோர் பை ஃபோர்னு சொன்னாங்களே?" என்றான் ஓட்டிவந்த பையன். காசு வாங்க மறுத்துவிட்டான். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டான்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி விற்பனைக்கு இல்லை. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கேஸ் போடக் கிளம்புகிறேன். பூந்தமல்லிப் பக்கம் வேலை இருப்பவர்கள் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் நிற்கலாம். டிக்கெட் கிடையாது, தேவைப்பட்டால் தள்ளுகிற தெம்பு இருந்தால் போதும்.