பொருள்: சாம்பாரில் கோதுமை – விளக்கம் கோருதல் – தொடர்பாக

அனுப்புநர்: பசியோடு நிற்கும் வாடிக்கையாளன், சென்னை.

பெறுநர்: நகரத்து ஓட்டல்காரர்கள் அனைவருக்கும் தலைவர் (அப்படி ஒருவர் இருந்தால்).

பார்வை: கேள்வி கேட்டபோது தங்கள் சர்வர் என்னைப் பார்த்த பார்வை.

ஐயா,

எனக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் என் உடம்பே என் சிறுகுடலோடு சண்டைக்குப் போய்விடும். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்தான். டாக்டர் சொன்னபோது நான் அசரவில்லை. இட்லி என்பது அரிசியும் உளுந்தும். பீட்சா தின்கிறவன் அழட்டும், நமக்கென்ன?

பெருங்காயத்தை மறந்துவிட்டேன். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் நெடி தாங்காது என்று மாவும் கோந்தும் சேர்க்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவு. ஆக சாம்பார், ரசம், தயிர்சாதத் தாளிப்பு எல்லாம் எனக்குச் சந்தேகக் கேஸ்.

"அண்ணே, சாம்பார்ல கோதுமை சேருமா?" என்று ஓட்டல் சர்வரிடம் கேட்டேன்.

"சார், இது சுத்த சைவம்."

"கோதுமையும் சைவம்தான்ணே."

"அப்புறம் என்ன சார்? ஒரு ரவா தோசை சொல்லட்டுமா?"

சாம்பாரே வேண்டாம், சாதா தோசை போதும் என்றேன். தோசைக்கல் கண்ணில் பட்டது. மாஸ்டர் ரவா தோசையை எடுத்தார், தண்ணீர் தெளித்தார், ஈர்க்குச்சித் துடைப்பத்தால் ஒரே இழுப்பு. அதே கல்லில் என் தோசை. அந்த இழுப்பில் ஓரத்துக்கு ஒதுங்கிய ரவையும் மைதாவும் என் தோசையின் விளிம்பில் முறுகலாக ஒட்டிக்கொண்டு வந்தன. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லிக்கொள்ள, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது சட்டம். துடைப்பத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது.

பத்தும் அதற்கு மேலும் கிளை வைத்திருப்பவர்கள் ஒவ்வாமை தரும் பொருள்களை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. ஒன்பது கிளைக்காரர் கடையில் என் குடல் என்ன பாடுபடும் என்பதைச் சொல்லவில்லை.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்து மேசையில் ஒரு ஜைனக் குடும்பம் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது என்றது. மறுபேச்சு இல்லை, தனிக் கடாய், தனிக் கரண்டி. நியாயம்தான், எனக்கு அதில் பொறாமை மட்டுமே. ஆச்சாரத்துக்கு உள்ள கரண்டி வியாதிக்கு இல்லை.

ஆகவே அடுத்த வாரம் பொய் சொன்னேன். "கோதுமை விட்டிருக்கேன்ணே, வேண்டுதல்." சர்வர் உள்ளே ஓடினார். மாஸ்டரே துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார், கையில் பெருங்காய டப்பா. கண்ணைச் சுருக்கிப் பின்பக்கத்தைப் படித்தார். "அட, கோதுமை மாவுன்னு போட்டிருக்கான் சார்! சாம்பார் தொடாதீங்க. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் தாளிக்காம தர்றேன்" என்றார். நோயாளியாகப் போனபோது கிடைக்காத மரியாதை.

கோதுமை சேராத பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கச் சொல்லுங்கள். ஒரு கல்லைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். அதுவரை நான் விரதக்காரனாகவே வருவேன். "எந்தக் கோயில் சார்?" என்று மட்டும் மாஸ்டர் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பொய்யன்.