ஜப்பான் அண்ணாச்சியும் குட்டி ஜப்பானும்

சிவகாசிக் கதையை யார் சொன்னாலும் 1922இல்தான் தொடங்குவார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றார்கள். அடுத்த வருஷம் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். வானம் பார்த்த பூமி பிழைத்துக்கொண்டது. நல்ல கதைதான். முன்கதையைத்தான் விட்டுவிடுகிறார்கள். அந்த இருவரும் கல்கத்தாவுக்குக் கிளம்புவதற்குப் பதினாறு வருஷம் முன்பே, சிவகாசி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஏழு நாட்டுக் கனவான்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி, தீக்குச்சி முனையில் எந்த மருந்து இருக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரில் தொழில் பிறக்கும் முன்பே அதற்கான சர்வதேசச் சட்டம் பிறந்துவிட்டது.

அந்த மருந்து வெள்ளைப் பாஸ்பரஸ். சுவர், செருப்பு, பெஞ்சு என எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும், விலையும் மலிவு. ஒரே ஒரு சிக்கல், ஆலையில் வேலை செய்தவர்களின் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து வருஷம் கழித்து, தாடை நோய் கண்டவர்களைக் கணக்கில் காட்டாமல் மறைத்ததற்காக அதே கம்பெனி அபராதம் கட்டியது. இத்தனைக்கும் மாற்று இல்லாமல் இல்லை. சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சுவீடன் தீப்பெட்டி 1855 பாரீஸ் கண்காட்சிக்கே வந்துவிட்டது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெள்ளைப் பாஸ்பரஸுக்குத் தடை போட்டன. மற்ற நாடுகள் உச்சுக் கொட்டின. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டன: நாம் நிறுத்தினால் பக்கத்து நாட்டுக்காரன் மலிவாக விற்றுவிடுவானே! உடன்படிக்கை எதற்கு என்று கேட்டால், இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் யோக்கியர்களாக மாறுவதற்கு நாள் குறிக்கும் காகிதம் அது.

குறிப்பதில்தான் கஷ்டம். சர்வதேசச் சட்டம் என்பது நாட்டாமை இல்லாத பஞ்சாயத்து. ஆலமரம் உண்டு, ஜமுக்காளம் உண்டு, சொம்பு கூட உண்டு. ஆனால் வந்து உட்கார்ந்தவர் தானாகத் தலையாட்டினால்தான் தீர்மானம் அவரைக் கட்டும். தலையாட்டாதவரை ஒன்றும் செய்ய முடியாது. தலையாட்டிவிட்டால் பேச்சு மாறக் கூடாது. இந்த இரண்டும்தான் அடிப்படை விதி. பிற்பாடு 1969இல் வியன்னாவில் உடன்படிக்கைகளுக்கென்றே ஓர் உடன்படிக்கை எழுதியபோது, இவற்றையே முறையாகப் பிரிவு எண் கொடுத்துச் சேர்த்தார்கள். அந்த வியன்னா உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. ஆனால் அதன் முக்கிய விதிகள் வழக்காறாகிவிட்டதால், சேராமலே அதன்படி நடக்கிறது.

பெர்னுக்கு வருவோம். 1905இல் கூடிய முதல் கூட்டத்தில் பலரும் தடைக்குச் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஜப்பான் அண்ணாச்சியும் வரவேண்டும். ஆசியச் சந்தைக்குக் கப்பல் கப்பலாகத் தீப்பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு வருவாரா? வரவில்லை. மறுவருஷம் நிபந்தனையைச் சுருட்டி வைத்துவிட்டு, 1906 செப்டம்பர் 26 அன்று ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஏழு நாடுகள் மட்டும் கையெழுத்திட்டன. ஏற்றுமதியில் கொழித்த சுவீடன் பேனாவையே தொடவில்லை. ஆனால் அந்த ஏழு பேரும் விவரமானவர்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது, வெளியிலிருந்து உள்ளே விடவும் கூடாது என்று எழுதினார்கள். உடன்படிக்கை அண்ணாச்சியைக் கட்டாது, சரி. அவர் சரக்கை இறக்க இடம் வேண்டுமல்லவா?

பிரிட்டன் 1906இல் கை கட்டி நின்றது. 1908இல் தன் நாடாளுமன்றத்தில் சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒளிந்திருந்து வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசிப் பந்திக்கு வருவதற்கும் சர்வதேசச் சட்டத்தில் மரியாதையான வழி உண்டு. அமெரிக்காவின் சங்கடம் வேறு: மாநிலங்களுக்குள் இருக்கும் ஆலைகளில் இதைச் செய்யாதே என்று சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பதே அவர்களுக்குச் சந்தேகம். ஆகவே 1912இல் நூறு குச்சிக்கு இரண்டு சென்ட் வரி போட்டார்கள். அந்த வரியைக் கட்டி எவனும் லாபம் பார்க்க முடியாது. தடை என்ற சொல்லை உச்சரிக்காமலே தடை வந்தது. இந்தியாவுக்கு 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கூட இல்லை.

அடுத்த காட்சி பாரீஸ். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் கூட்டம் கூடியதற்காக ஜனங்களைச் சுட்டார்கள். ஏறக்குறையப் பதினோரு வாரம் கழித்து, ஜூன் 28 அன்று, அதே இந்தியா வெர்சாய் அரண்மனையில் உலகப்போரை முடித்துவைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இந்தியாவின் சார்பில் பேனா பிடித்தவர்கள் இந்தியா மந்திரி மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். சொந்த ஊரில் பத்துப் பேர் சேர்ந்து நிற்க அனுமதியில்லாத நாடு, சர்வதேச சங்கத்துக்கு ஸ்தாபக உறுப்பினர்! தன்னாட்சி இருந்தால்தான் உடன்படிக்கை செய்யலாம் என்று பாடம் எடுக்கும் பேராசிரியர்கள் இந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது விதிவிலக்கு என்று பக்கத்தைத் திருப்புவார்கள்.

அந்த வருஷக் கடைசியில் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு. பெர்ன் உடன்படிக்கையில் எல்லோரும் சேருங்கள் என்று ஒரு பரிந்துரை போட்டார்கள். பரிந்துரை யாரையும் கட்டாது. பெரியவர்கள் சொல்லும் புத்திமதி மாதிரி, கேட்டால் கேட்கலாம். கட்டக்கூடியது வேறொன்று: தொழிற்சாலை வேலைக்குக் குறைந்தபட்ச வயது குறித்த ஐந்தாம் எண் உடன்படிக்கை. பதினாலு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது இரண்டாம் பிரிவு. பேஷ். கொஞ்சம் தள்ளி ஐந்தாம் பிரிவு: ஜப்பானுக்குச் சலுகை, தொடக்கப்பள்ளி முடித்திருந்தால் பன்னிரண்டு வயது தாண்டியவர்கள் வேலை செய்யலாம். அதை ஒட்டி ஆறாம் பிரிவு: இரண்டாம் பிரிவு இந்தியாவுக்குப் பொருந்தாது. சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வைத்தவர் நேரு என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அவருக்கு முன்னாலேயே வாஷிங்டன்காரர்கள் நம்மை ஜப்பானுக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

இந்தியாவுக்கென்று எழுதியதைக் கவனிக்க வேண்டும். வயது பன்னிரண்டு. அதுவும் எங்கே? எந்திர விசையில் ஓடி, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், சுரங்கத்தில், ரயிலிலும் துறைமுகச் சரக்கு வேலையிலும். கையால் கட்டை அடுக்கி, கையால் பெட்டி செய்து, கையால் லேபிள் ஒட்டும் தீப்பெட்டி ஆபீசில் எந்திர விசை ஏது? இருப்பது விரல்தான். சிவகாசி என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள், சிவகாசிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல ஓர் ஓட்டையை விட்டுவைத்தார்கள்.

1922இல் இந்திய அரசாங்கம் கஜானாவை நிரப்புவதற்காக வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. வரியின் நிழலில் உள்ளூர்த் தொழில் முளைத்தது. சுவீடன்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1923இல் விம்கோ கம்பெனியைத் தொடங்கி வரிச்சுவருக்கு உள்ளே குதித்துவிட்டார்கள். அவர்களின் தலைவர் இவார் குரூகர் லேசுப்பட்டவர் இல்லை. காசில்லாத அரசாங்கங்களுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டுத் தீப்பெட்டி வியாபாரத்தை மொத்தமாக எழுதி வாங்கியவர். 1929இல் ஜெர்மனிக்கு மட்டும் பன்னிரண்டரைக் கோடி டாலர் பேசினார். 1932இல் பாரீசில் குண்டடிபட்டு இறந்து கிடந்தார். அவர் கணக்குப் புத்தகங்களும் பின்னாலேயே செத்தன. ஒப்பந்தம் சாகவில்லை. ஹிட்லர் வந்தார், போனார். நாடு இரண்டாகப் பிளந்தது. மேற்கு ஜெர்மனியில் அந்தத் தீப்பெட்டி ஏகபோகம் 1983வரை ஓடியது. இத்தனைக்கும் அது உடன்படிக்கையே அல்ல. அரசும் கம்பெனியும் செய்வது ஒப்பந்தம். அரசும் அரசும் செய்தால்தான் உடன்படிக்கை. 1952இல் ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய்க் கம்பெனி வழக்கில் சர்வதேச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசுகள் தங்களுக்குள் கொடுத்த வாக்கைவிடக் கடன்காரனுக்குக் கொடுத்த வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றின என்பது வேறு விஷயம்.

சுதந்திரம் வந்தது. 1919இல் எழுதிய ஐந்தாம் எண் உடன்படிக்கைக்கு 1955இல் இந்தியா ஏற்பு கொடுத்தது. அப்போது சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் விருதுநகர்க்காரர் காமராஜர். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளையை உடன்படிக்கை வாசித்துக் காட்டித் திருப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட்டார்.

அப்புறமும் விதிவிலக்குகள் விடவில்லை. 1986ஆம் வருஷச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகளைத் தடுத்தது. குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் பட்டறை என்றால் தடையில்லை என்றது. 1992 டிசம்பரில் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. கூடவே, குழந்தை உழைப்பு பற்றிய 32ஆம் பிரிவைப் 'படிப்படியாக' நிறைவேற்றுகிறோம் என்று ஓர் அறிவிப்பையும் ஒட்டியது. படிகள் எத்தனை என்று எழுதவில்லை. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசியை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் வீதம் முதலாளியிடம் வசூலிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 1973ஆம் வருஷக் குறைந்தபட்ச வயது உடன்படிக்கைக்கு இந்தியா ஏற்பு கொடுத்தது 2017 ஜூன் 13 அன்று.

வெள்ளைப் பாஸ்பரஸ் ஒழிந்ததற்குக் காரணம், ஆபத்தில்லாத மாற்று மருந்தால் முதலாளிக்குப் பெரிய நஷ்டம் வரவில்லை. சேராத நாட்டுச் சரக்குக்கும் கதவு சாத்தப்பட்டது. குழந்தையின் விரலுக்கு மாற்று, நியாயமான கூலி வாங்கும் பெரியவரின் விரல். அதற்கு விலை கூட. முதலாவது கதை கிட்டத்தட்ட ஒரு தலைமுறையில் முடிந்ததும், இரண்டாவது 1919இல் தொடங்கி 2017வரை இழுத்ததும் இந்த வித்தியாசத்தால்தான். ஆகவே, அடுத்த முறை உங்கள் நாடு ஏதோ உலக உடன்படிக்கையில் கையெழுத்திட்டது என்று செய்தி படித்தால், கைகுலுக்கும் படத்தைப் பார்க்காதீர்கள். விதிவிலக்கு யாருக்கு என்று எழுதியிருக்கும் பிரிவை முதலில் படியுங்கள். அங்கே உங்கள் ஊர் இருக்கலாம்.