எண்ணிக்கை குறையாமல் பாட் பிடிப்பது எப்படி?

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் தளத்தின் வாசகர் கணக்கில் உங்களுக்கு வேண்டியது சரியான எண்ணிக்கையா, பெரிய எண்ணிக்கையா? விளம்பரதாரரிடம் காட்டத்தான் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 2024-இல் இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் மனிதர்களுடையதே அல்ல, பாட் எனப்படும் தானியங்கி நிரல்களுடையது என்கிறது இம்பெர்வா நிறுவனத்தின் அறிக்கை. அதைக் கழித்துவிட்டு விளம்பரக் கட்டணம் பேச உட்காருபவருக்குத் தனி தைரியம் வேண்டும்.

தைரியசாலிகள் சர்வரின் ஆக்சஸ் லாகைத் திறக்கவும். ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம், வந்தவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் யூசர் ஏஜென்ட் எல்லாம் வரிவரியாக இருக்கும். ‘ஜிபிடிபாட்’, ‘பைத்தான்-ரிக்வெஸ்ட்ஸ்’ என்று சொந்தப் பெயரிலேயே வருபவை யோக்கியமானவை. தெரிந்த பாட்களை கூகுள் அனலிட்டிக்ஸ் 4 தானாகவே கழித்துவிடும். ‘போகட்டும், இருக்கட்டுமே’ என்று நீங்கள் கெஞ்சினாலும் கேட்காது. ‘கூகுள்பாட்’ என்று சொல்லிக்கொண்டு வருவதை மட்டும் சம்பந்தம் பேசுவது போல இரண்டு பக்கமும் விசாரியுங்கள். ஐபியை வைத்துத் தேடினால் கூகுளுக்குச் சொந்தமான டொமைன் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரை வைத்துத் தேடினால் அதே ஐபி திரும்ப வர வேண்டும்.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸில் ஓடாவிட்டாலும், அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர் வந்து வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்பார். 404 வாங்கிக்கொண்டு அதே நொடியில் இன்னும் பத்துப் பக்கங்களைக் கேட்பார். படம் எதையும் இறக்க மாட்டார். தீவிர வாசகர் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். வேண்டாம்.

அடுத்தது ஊர்க் கணக்கு. வாசகர்களின் ஊர்ப் பட்டியலில் திடீரென்று ஆஷ்பர்ன் முதலிடத்துக்கு வரும். கடல் கடந்த வாசகர்களுக்கு நன்றி சொல்லி முகநூலில் பதிவு போடுமுன் கொஞ்சம் பொறுங்கள். வர்ஜீனியாவில் இருக்கும் அந்த ஊரில் டேட்டா சென்டர்கள் தெருத்தெருவாக நிற்கின்றன. அதற்காக ஊரையே மொத்தமாகத் தடுத்துவிடவும் கூடாது, ஏனென்றால் அதைச் சுற்றி நம்மூர் ஐடி குடும்பங்களும் இருக்கின்றன. உங்கள் கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்த ஒரே ஜீவன் அங்கே இருக்கலாம். ஐபி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு இணைப்பு தரும் நிறுவனம் என்றால் விடுங்கள், கிளவுட் நிறுவனம் என்றால் கழியுங்கள். ஆபீஸ் விபிஎன் வழியாகப் படிப்பவர் இதில் அடிபட்டால் அது அவர் தலையெழுத்து.

வராமலேயே கணக்கில் ஏறுகிறவர்களும் உண்டு. 2016 நவம்பரில் பலருடைய அனலிட்டிக்ஸில், வாசகரின் மொழி என்ன என்று காட்டும் இடத்தில், டிரம்புக்கு ஓட்டுப் போடச் சொல்லி ஒரு வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது. சர்வர் லாகில் தேடினால் ஆளே இல்லை. தளத்தின் பக்கம் எட்டிப்பார்க்காமல், கூகுளின் கணக்குப் புத்தகத்துக்கே நேராகப் பொய்த் தகவல் அனுப்பியிருந்தார்கள்.

பொறி வைக்கவும் செய்யலாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுட்டியைப் பக்கத்தில் ஒளித்து, அங்கே போகக்கூடாது என்று ரோபாட்ஸ் கோப்பில் எழுதி வையுங்கள். 1994-இல் மார்டைன் கோஸ்டர் முன்வைத்த மரியாதை ஒப்பந்தம் அது. மீறினால் கேட்க ஆளில்லை. அப்படியும் உள்ளே நுழைகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் சிக்காதவை, நிஜ பிரவுசரையே ஓட்டி, மவுஸை நகர்த்தி, வீட்டு இணைப்புகள் வழியாக வருபவை. அவற்றிடம் விக்கிபீடியாவே ஏமாந்தது. 2025 மே வாக்கில் பிரேசிலிலிருந்து வாசகர் கூட்டம் அலைமோதியது. சல்லடையைத் திருத்திப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி பாட்கள். மனித வருகையோ முந்தைய ஆண்டைவிடச் சுமார் 8 சதவீதம் குறைந்திருந்தது. விக்கிபீடியாவை நடத்தும் விக்கிமீடியா அதை வெளிப்படையாகவே அறிவித்தது.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆண்டறிக்கை அச்சுக்குப் போன மறுநாள் வடிகட்டியைப் போட்டால் போதும்.