நாய்க்கு வந்த எழுத்து

கேள்வி: 'காமிக் சான்ஸ்' எழுத்துருவைக் கண்டாலே சிலர் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

பதில்: பாவம், அது ஒரு நாய்க்காகப் பிறந்தது! 1994-இல் மைக்ரோசாஃப்டின் 'பாப்' மென்பொருளில் கார்ட்டூன் நாயொன்று டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் பேசியது. வக்கீல் நோட்டீஸ் எழுத்தில் நாய் பேசினால் சகிக்குமா? அதனால் வடிவமைப்பாளர் வின்சென்ட் கொனேர் காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்துக் கையெழுத்துச் சாயலில் இந்த எழுத்துருவை வரைந்தார். நாய்க்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்துவிட்டது. பிறந்தநாள் அழைப்பிதழுக்கு, மழலையர் பள்ளி நோட்டீசுக்கு லட்சணம்தான். கல்லறைக் கல்லில் பொறித்தால் எழுத்து என்ன செய்யும்? 2012-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் போசான் துகள் பற்றிய முடிவுகளை இயற்பியலாளர் ஃபேபியோலா ஜியானோட்டி இதே எழுத்தில்தான் காட்டினார். துகளை விட்டுவிட்டு எழுத்துருவைப் பிடித்துக்கொண்டது ட்விட்டர்!