புறநகர்த் தேர்வியல்: வட டாலஸை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

வேலை மாற்றலாகி அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குடிபெயரும் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி எது? சம்பளம் பற்றிக் கேட்பதில்லை. அது ஆஃபர் கடிதத்திலேயே இருக்கிறது. வெயில் பற்றியும் கேட்பதில்லை. வெயிலுக்கு ஏசி உண்டு. "அங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்பதே, அதாவது வீட்டு முகவரியோடு வந்து சேரும் அரசுப் பள்ளி வட்டாரம் எப்படி என்பதே முதற்கேள்வி. பிள்ளைக்கு மூன்று வயதென்றாலும் இதே கேள்விதான். பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையென்றாலும் இதே கேள்விதான். மணமாகாதவர்களும் கேட்கிறார்கள், வீட்டை விற்கும்போது விலை போக வேண்டுமாம். இத்துணைப் பேர் இத்துணைக் காலமாக உழைத்துவரும் ஒரு துறைக்கு இன்னும் பெயர்கூடச் சூட்டப்படாதது அறிவுலகுக்கு நேர்ந்த இழுக்கு. அதைத் துடைக்கவே 'புறநகர்த் தேர்வியல்' என்னும் துறை இங்கே தொடங்கி வைக்கப்படுகிறது.

ஆய்வின் எல்லை

அமெரிக்கா முழுவதையும் ஆராய ஆயுள் போதாது. எனவே டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பிளேனோ, ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், செலைனா ஆகிய ஊர்களும், டாலஸுக்கு வடமேற்கே உள்ள கொப்பெல்லும் எல்லையாகக் கொள்ளப்பட்டன.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஃபிரிஸ்கோவின் மக்கள்தொகை 33,714, 2020இல் 200,509. இந்தப் பெருக்கத்துக்குப் பிரசவ ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பாக்க முடியாது. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர்களால் ஏற்பட்டது இது. டொயோட்டா நிறுவனம் தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள டாரன்ஸிலிருந்து பிளேனோவுக்கு மாற்றப்போவதாக 2014இல் அறிவித்து, 2017இல் புதிய வளாகத்தைத் திறந்தது. ஒரே நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் ஒரே கேள்வியோடு ஒரே திசையில் பார்த்த அரிய தருணம் அது. நியூ ஜெர்சியிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் மென்பொருள் வேலைக்காக வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களும் இப்பகுதியில் கணிசம். இவ்வாய்வின் களத்தரவு பெரும்பாலும் அவர்கள் வீட்டுச் சமையல்மேடை அருகே திரட்டப்பட்டது; முக்கிய முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

கருதுகோள்

நல்ல பள்ளி இருக்கும் இடத்துக்குக் குடும்பங்கள் போகின்றன என்பது உலக வழக்கு. குடும்பங்கள் போய்க் குவியும் இடத்தில் இருக்கும் பள்ளிக்கு 'நல்ல பள்ளி' என்ற பெயர் வந்து சேர்கிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னாய்வுகள்

இத்துறையின் மூலவர் பொருளியலறிஞர் சார்லஸ் டீபூ. தங்களுக்குப் பிடித்த வரியும் வசதியும் உள்ள ஊருக்கு மக்கள் நடையைக் கட்டுவார்கள், அதுவே அவர்கள் போடும் ஓட்டு என்று அவர் 1956இல் எழுதினார். கணக்குச் சுலபமாக வர வேண்டும் என்பதற்காக, எல்லாரும் பங்கு ஈவுத்தொகையில் வாழ்கிறார்கள், வேலை எங்கே கிடைக்கும் என்ற கவலை யாருக்கும் இல்லை என்று வைத்துக்கொண்டார். வேலையை நம்பியே நிற்கும் ஹெச்-1பி விசா 1990இல்தான் வந்தது; ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அடுத்து, 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை. அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் லட்சக்கணக்கான மாணவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், பிள்ளையின் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் பள்ளியின் கட்டடம், ஆய்வுக்கூடம், செலவு ஆகியவற்றைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்று கண்டார். பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறில்லை. ஆனாலும் ஒருவரும் வீட்டோடு இருந்துவிடவில்லை.

மூன்றாவது, சாண்ட்ரா பிளாக் 1999இல் வெளியிட்ட ஆய்வு. பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த வீடுகளை அவர் ஒப்பிட்டார். அதே பேட்டை, அதே மரங்கள். பிள்ளை போகும் தொடக்கப்பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதல் விலை கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரரைவிட நாம் ஏன் கூடுதலாகக் கொடுத்தோம் என்று மனைவி கேட்கும்போது மேற்கோள் காட்டத்தக்க ஒரே ஆய்வு இது.

முதன்மைச் சான்றுகள்

1998இல் தொடங்கப்பட்ட கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு ஒவ்வொரு பள்ளிக்கும் 1 முதல் 10 வரை ஓர் எண் தருகிறது. வீடு விற்கும் ஜில்லோ தளத்தில் படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்பதோடு அந்த எண்ணும் காட்டப்படுகிறது. படுக்கையறை ஒன்று குறைந்தால் பிள்ளைகளை ஒரே அறையில் படுக்க வைக்கலாம். எண் ஒன்று குறைந்தால் அந்த வீட்டை யாரும் போய்ப் பார்ப்பதே இல்லை. கணக்கில் 98 வாங்கி வந்து "மீதி ரெண்டு எங்கே?" என்ற கேள்வியை வாசற்படியிலேயே எதிர்கொண்ட தலைமுறை, இன்று அதே கேள்வியை டெக்சஸ் தொடக்கப்பள்ளிகளைப் பார்த்துக் கேட்கிறது. பள்ளிகளிடம் பதில் இல்லை.

இந்த எண்ணுக்குள் இருப்பது என்ன? நெடுங்காலம் அது பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்தான். தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே ஏறி இறங்குவது. 2017 முதல், ஓராண்டில் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்ற கணக்கையும் அந்த அமைப்பு சேர்த்துக்கொண்டது. மதிப்பெண் வேறு, முன்னேற்றம் வேறு என்பதை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டனின் ஆய்வு துலக்கமாகக் காட்டியது. சிகாகோ நகரப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரையிலான ஐந்தாண்டுகளில் ஆறாண்டுப் படிப்புக்குரிய முன்னேற்றம் அடைந்தார்கள் என்று 2017இல் அவர் தெரிவித்தார். பள்ளி என்பது கற்றுக்கொடுக்கும் இடம் என்று நம்புகிறவர்கள் அன்று மாலையே சிகாகோவுக்கு லாரி பிடித்திருக்க வேண்டும். பிளேனோவிலிருந்து அப்படி யாரும் கிளம்பியதாகக் களத்தரவில் இல்லை.

டெக்சஸ் அரசும் தன் பங்குக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்து வழங்குகிறது. கணக்கிடும் முறையை எதிர்த்துப் பல டிஸ்ட்ரிக்டுகள் வழக்குத் தொடுக்க, 2023ஆம் ஆண்டுக்கான எழுத்துகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்காகக் காத்திருந்த பெற்றோர், விடை கிடைத்தபோது ஒன்பதாம் வகுப்புக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள்.

துணைமைச் சான்றுகள்

ரியல்டர் எனப்படும் வீட்டுத் தரகர் சமையலறைக் கிரானைட் கல் எங்கிருந்து வந்தது என்பதைக் கேளாமலே சொல்வார். "இங்கே ஸ்கூல் நல்லதா?" என்றால் மட்டும் மௌனியாகி, "வெப்சைட்டில் பாருங்கள்" என்பார். 1968ஆம் ஆண்டின் குடியிருப்புச் சமநீதிச் சட்டம், இனம் நிறம் மதம் பார்த்து ஆளை ஒரு பேட்டைக்குத் தள்ளிவிடுவதையும் இன்னொன்றிலிருந்து விலக்கி வைப்பதையும் தடுக்கிறது. 'நல்ல பள்ளி' என்ற சொல் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யவல்லது என்பது ரியல்டருக்குத் தெரியும். வாங்குகிறவர் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

ரியல்டர் விட்ட இடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது. "அண்ணா, ஃபிரிஸ்கோவா, கொப்பெல்லா?" என்று ஒருவர் கேட்டால் விடிவதற்குள் பதில் குவிந்துவிடும். அவற்றை ஆராய்ந்ததில் ஒரு பொதுவிதி புலப்பட்டது: தாம் வீடு வாங்கிய டிஸ்ட்ரிக்டே சிறந்தது என்று எவரும் சொல்வார், கூடவே, "ஆனா காம்படிஷன் ஜாஸ்தி, பாத்துக்கோங்க" என்று பெருமையோடு எச்சரிப்பார்.

முதல், கரு, உரி

புறநகரையும் தமிழ் மரபுப்படி பகுத்துக் காண்பது தகும். முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் என்பது முகவரியில் எழுதியிருக்கும் ஊர் ஆகாது. எர்விங் நகரைச் சேர்ந்த வேலி ரேஞ்ச் என்ற ஒரே பேட்டையில் சில வீடுகள் கொப்பெல் டிஸ்ட்ரிக்ட், சில கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச். ஊருக்கு வரி கட்டும் இடம் ஒன்று, பிள்ளை படிக்கும் இடம் வேறு. பொழுது என்பது செப்டம்பர் 1. அன்றைக்குள் ஐந்து வயது நிரம்பினால் டெக்சஸில் கிண்டர்கார்டன் உண்டு. செப்டம்பர் 2ஆம் தேதி பிறந்த பிள்ளை ஓராண்டு வீட்டிலிருக்கும். அந்த ஒரு நாளுக்காக மருத்துவச்சியைக் குறைகூறும் பாட்டிகள் உண்டு.

கருப்பொருள்: தெய்வம், ஃபிரிஸ்கோ கோயில் அனுமன். உணவு, பட்டேல் பிரதர்ஸ் மளிகைக்கடையில் வாங்கிய முருங்கைக்காய். தொழில், மென்பொருள். பறை, வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்தாட்டத்தில் பள்ளி இசைக்குழு முழக்குவது.

உரிப்பொருள்: ரீஜோனிங் அச்சமும் அதன் நிமித்தமும். ஒவ்வொரு பள்ளியும் அளவோடு இருக்க வேண்டும் என்ற கொள்கையால் ஃபிரிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் 12 உயர்நிலைப் பள்ளிகள்வரை கட்டிவிட்டது. புதுப்பள்ளி ஒன்று திறக்கும்போதெல்லாம் எல்லைக்கோடு நகரும். முப்பதாண்டுக் கடனில் வாங்கிய வீடு அங்கேயே நிற்க, எந்தப் பள்ளிக்காக வாங்கினார்களோ அந்தப் பள்ளி பக்கத்துத் தெருவோடு நின்றுவிடும்.

பத்து விழுக்காட்டு முரண்

இவ்வாய்வின் மையத் தேற்றம் இங்கே உள்ளது. டெக்சஸ் 1997இல் ஒரு சட்டம் இயற்றியது. எந்த உயர்நிலைப் பள்ளியில் படித்தாலும், தன் வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. கூட்டம் தாங்காமல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் அந்த வரம்பைச் சுருக்கிக்கொண்டே வந்தது. 6 விழுக்காடாக இருந்தது 2026 சேர்க்கை முதல் 5 ஆகிவிட்டது.

பள்ளி எதுவானாலும் முதல் 10 விழுக்காட்டில் இருப்பவர்கள் 10 விழுக்காட்டினர்தான். எவ்வளவு வரி கட்டினாலும் அது பதினொன்று ஆகாது. ஆகவே மாநிலத்தின் கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் திரட்டி வைத்த பள்ளியைத் தேடிப்பிடித்துத் தன் பிள்ளையையும் சேர்க்கும் தகப்பன், அப்பிள்ளையின் ரேங்கைத் தன் கைக்காசு போட்டுக் குறைக்கிறான்.

"என்னங்க, பத்துக்குப் பத்து ஸ்கூல்னுதானே இங்கே வந்தோம்? இப்ப ரேங்க் வரலைங்கறானே."

"எல்லாரும் அதையே பாத்துத்தானே வந்திருக்காங்க."

கணவரின் இவ்வாக்கியம் மொத்தத் துறையின் சாரம். விவரம் தெரிந்த சிலர் எதிர்த்திசையில் நடக்கவும் செய்கிறார்கள். இச்சட்டத்துக்குப்பின் சில குடும்பங்கள் போட்டி குறைந்த உயர்நிலைப் பள்ளிகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததைக் கல்லன், லாங், ரீபேக் ஆகிய பொருளியலறிஞர் மூவரும் 2013இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார்கள். அத்தகைய குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் வாய் திறப்பதில்லை. உண்மையான தகவல் இருப்பவர் குழுவில் அமைதியாக இருப்பார் என்பது இதன் கிளைத்தேற்றம்.

ஆய்வு முடிவுகள்

முதலாவது: எண்ணைப் பார்த்துக் குடும்பங்கள் வருகின்றன. வந்தவர்கள் படித்தவர்கள், மாலையில் கணக்கு வகுப்பு, சனிக்கிழமை ஸ்பெல்லிங் பீ பயிற்சி என்று காரோட்டத் துணிந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் தேர்வு எழுத, எண் ஏறுகிறது. எண்ணைப் பார்த்து மேலும் குடும்பங்கள் வருகின்றன. ஆசிரியர் நடுவில் என்ன செய்தார் என்பதைத் தனியே பிரித்தறிய எந்தக் கருவியும் போதவில்லை. அவர் நன்றாகவே செய்திருக்கலாம். அதை யாரும் அளந்துவிட்டு வீடு வாங்கவில்லை என்பதே இங்கே சொல்லப்படுவது.

இரண்டாவது: எண் ஏற வீட்டு விலையும் ஏறுகிறது. விலை ஏறினால் வீட்டை வாங்க முடிந்தவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட நடுவயதுக்காரர். சின்னப் பிள்ளையோடு வரும் இளம் தம்பதிக்குக் கட்டுப்படியாவதில்லை. இது வெறும் ஊகம் அன்று. பிளேனோ டிஸ்ட்ரிக்ட் 2024 ஜூனில் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. கொப்பெல் தன் பிங்கர்டன் தொடக்கப்பள்ளியை மூடத் தீர்மானித்தது. இருபதாண்டுக்காலம் கட்டிக்கொண்டே இருந்த ஃபிரிஸ்கோவும் ஸ்டேலி நடுநிலைப் பள்ளியைக் கைவிட்டது. பிறப்பு விகிதம் குறைந்தது, பட்ஜெட் இடித்தது என்று காரணங்கள் பல. வீட்டு விலையும் அவற்றில் ஒன்று. எல்லாரும் விரும்பும் பள்ளி என்ற பெயர் நிலைத்தபோது, சேர்வதற்குப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

மூன்றாவது: ஆகவே நல்ல பள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை; அது வடக்கே நகர்கிறது. பிளேனோவில் இருந்தது ஃபிரிஸ்கோவுக்கு வந்தது. அங்கிருந்து பிராஸ்பர். இப்போது செலைனா; 2023இல் நாட்டிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் அது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அறிவித்தது. சோளம் விளைந்த வயலில் முதலில் மாடல் ஹோம், அடுத்துப் பள்ளி, அடுத்து 'காம்படிஷன் ஜாஸ்தி' என்ற பேச்சு.

மேலாய்வுக்குரிய களங்கள்

செலைனாவுக்கு வடக்கே அதிக இடம் இல்லை. ரெட் ஆறு வந்துவிடும், அக்கரை ஓக்லஹோமா. நகரும் பள்ளி ஆற்றைக் கடக்குமா, கடந்தால் பத்து விழுக்காட்டுச் சட்டத்தை இக்கரையிலேயே விட்டுவிட்டுப் போக நேரும் என்பதைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்வார்கள், இல்லையேல் காலியான பிளேனோ பள்ளிகளைத் தேடித் தெற்கே திரும்புவார்களா என்பவை அடுத்து ஆராயத்தக்கன. அவற்றை மேற்கொள்ளும் ஆய்வாளர் தாம் எந்த டிஸ்ட்ரிக்டில் வீடு வாங்கியிருக்கிறார் என்பதை முதற்பக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். எஞ்சிய பக்கங்களைப் படிக்காமலே முடிவை அறிந்துகொள்ள அது வாசகருக்கு உதவும்.