ராபர்ட் மாரிஸின் மஞ்சள் கடுதாசி

ஜார்ஜ் வாஷிங்டன் குதிரைமேல் உட்கார்ந்து கம்பீரமாகப் போஸ் கொடுக்கும் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரைக்குத் தீனி போடப் பணம் புரட்டியவர் படத்தில் இருக்க மாட்டார். அவர் பெயர் ராபர்ட் மாரிஸ், பிலடெல்பியா வியாபாரி. அமெரிக்கப் புரட்சியின் நடுவே கஜானா காலி, பட்டாளத்துக்குச் சம்பளப் பாக்கி. மாரிஸ் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டு நோட்டு விட்டார். அரசாங்க நோட்டைப் பார்த்து முகம் சுளித்த கடைக்காரர்கள், மாரிஸின் நோட்டை மட்டும் வாங்கிக் கல்லாவில் போட்டார்கள். இப்பேர்ப்பட்ட மனிதர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், கடன்காரர் ஜெயில்!

காரணம் பெண்ணில்லை, குடியில்லை, சீட்டாட்டமும் இல்லை. ரியல் எஸ்டேட். 1793-ல் மாரிஸும் கூட்டாளிகளும் வாஷிங்டன் நகரத்தில் 6,000 மனைகளை, மனைக்கு 80 டாலர் என்று பேசி முடித்தார்கள். நல்ல லொகேஷன்தான். ஒரே குறை, நகரம் இன்னும் வரவில்லை. ‘இன்னும் ரெண்டே வருஷத்துல இங்க பஸ் ஸ்டாண்டு வரப்போகுது சார்’ என்று மனை விற்கிறவர்களுக்கெல்லாம் இவர்தான் கொள்ளுத்தாத்தா.

அதோடு விட்டாரா? 1795-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதன் கையில் இருந்த நிலம் 60 லட்சம் ஏக்கர். ஐரோப்பாவிலிருந்து ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குவார்கள், நிலம் சுடச்சுட விற்றுப்போகும் என்பது கணக்கு. ஐரோப்பாவோ அப்போது சண்டையில் மும்முரமாக இருந்தது. கையில் ரொக்கம் இல்லாததால் மாரிஸ் எழுதிய கடன் பத்திரத்துக்குக் கூட்டாளி ஜான் நிக்கல்சன் ஜாமீன் நின்றார். நிக்கல்சன் எழுதியதற்கு மாரிஸ் ஜாமீன். இரண்டு பேரிடமும் பணமில்லை என்ற சின்ன விஷயத்தைத் தவிர, ஏற்பாடு பிரமாதம்.

இந்த லட்சணத்தில் ஒரு பங்களா வேறு. வாஷிங்டன் நகரத்துக்கே பிளான் போட்ட லான்ஃபான் என்ற பிரெஞ்சுக்காரரைக் கூப்பிட்டு, பிலடெல்பியாவில் சலவைக்கல் மாளிகை எழுப்பச் சொன்னார். மாளிகை முடிவதற்குள் பணம் முடிந்துவிட்டது. ஊரார் அதற்கு ‘மாரிஸின் பைத்தியக்காரத்தனம்’ என்று நாமகரணம் செய்தார்கள். குடிபோகும் பாக்கியம் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

மாரிஸ் ஊருக்கு வெளியே இருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடன் கொடுத்தவர்கள் வாசலிலேயே கூடாரம் போட்டார்கள். 1798 பிப்ரவரியில் ஆளைப் பிடித்து, புரூன் தெரு ஜெயிலில் அடைத்தார்கள். கடன் சுமார் 30 லட்சம் டாலர். அதே வருஷம் பிலடெல்பியாவுக்கு வந்த வாஷிங்டன், ஜெயிலுக்கே போய் நண்பரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முன்னாள் ஜனாதிபதியும் முன்னாள் நிதித்துறைத் தலைவரும் கம்பிக்குள் எதிரெதிரே விருந்து! சாப்பாட்டுச் செலவை மாரிஸ் கணக்கில் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

மாரிஸாவது வியாபாரி. ஜேம்ஸ் வில்சன் யார் தெரியுமா? சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர், சுப்ரீம் கோர்ட் நீதிபதி. அவருக்கும் நிலப் பைத்தியம் பிடித்தது. பதவியில் இருக்கும்போதே நியூ ஜெர்சியில் கடனுக்காக உள்ளே போனார். வெளியே வந்ததும் வட கரோலினாவுக்கு ஓடினார். 1798-ல் அங்கேயே இறந்தும் போனார். ராஜினாமா மட்டும் செய்யவே இல்லை.

சாதாரண ஜனங்கள் கடனுக்காகக் கம்பி எண்ணியபோதெல்லாம் சும்மா இருந்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு, பெரிய மனுஷர்கள் உள்ளே போனதும் நெஞ்சு இளகியது. 1800-ல் திவால் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கூத்து: கடனாளி தானாகப் போய் மஞ்சள் கடுதாசி கொடுக்க முடியாது, கடன் கொடுத்தவர்தான் மனுப் போடவேண்டும். அதுவும் வியாபாரி, பேங்கர், தரகர் வகையறாக்களுக்கு மட்டும். விவசாயி ஜெயிலிலேயே இருக்கலாம். 1801 ஆகஸ்டில் மாரிஸ் வெளியே வந்தார். 1803-ல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான திவால் சட்டம் போடலாம் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. காங்கிரஸ் போட்டது, எடுத்தது. 1841-ல் மறுபடி போட்டு 1843-ல் எடுத்தது. அந்தக் குறுகிய சந்தில் புகுந்து கடனைக் கழித்துக்கொண்டவர்களில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போவும் ஒருவர். எழுத்தாளர்கள் டெட்லைனைப் பிடித்த அபூர்வமான சம்பவம் இது.

இதற்கிடையில் டெக்சாஸ் தனி நாடாக இருந்தது. 1837-ன் பொருளாதாரச் சரிவில் கடனில் முழுகியவர்கள் ‘டெக்சாஸ் போய்விட்டேன்’ என்று வாசல் கதவில் எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். ஆளில்லாத நாட்டுக்கு ஆள் வருகிறதென்றால் கசக்குமா? 1839-ல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது. கடன் கொடுத்தவன் தொடக்கூடாதவை: 50 ஏக்கர் நிலம் அல்லது ஊருக்குள் ஒரு மனை, ஐந்து கறவை மாடு, ஓர் ஏர் மாடு அல்லது ஒரு குதிரை, இருபது பன்றி, ஒரு வருஷத்துச் சாப்பாடு. 60 லட்சம் ஏக்கர்க்காரருக்குப் பிலடெல்பியாவில் கிடைத்தது ஜெயில் அறை; ஓடிவந்தவனுக்கு டெக்சாஸில் பாலும் தயிரும்!

1898-ல் ஒருவழியாக நிரந்தரத் திவால் சட்டம் வந்தது. ஆனால் எதை விட்டுவைப்பது என்பதை அந்தந்த மாநிலமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். ‘ஒரே மாதிரி’ என்று சாசனம் சொல்கிறதே என்று ஒரு பேங்க் கோர்ட்டில் வாதாடியது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும் அது ஒரே மாதிரிதான் என்று 1902-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கணக்கு வாத்தியார்கள் யாரும் அந்த பெஞ்சில் இல்லை.

இன்றைய நிலவரம்? டெக்சாஸில் வீட்டோடு நகரத்தில் 10 ஏக்கர் வரை உங்களுக்கே. வீட்டின் விலைக்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு துப்பாக்கி, 12 மாடு, 120 கோழியும் வைத்துக்கொள்ளலாம். மாரிஸின் பென்சில்வேனியாவின் மாநிலச் சட்டம் தருவது 300 டாலர், உடுதுணி, பைபிள், பள்ளிப் புத்தகம், தையல் மெஷின். அங்கே மத்தியச் சட்டத்தின் பட்டியலைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால் ஜனங்கள் பிழைத்தார்கள்.

புளோரிடாவிலும் வீட்டு விலைக்கு உச்சவரம்பு இல்லை. அப்புறம் கேட்கவேண்டுமா? கடன் கழுத்தை நெரிக்கும்போது அந்த ஊர்க் கடலோரத்தில் பங்களா வாங்கிக் குடியேறுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கானது. குடியானவனின் ஐந்து மாட்டுக்காகப் பிறந்த இரக்கம், நீச்சல் குளத்துக்கும் காவல் நின்றது.

2005-ல் காங்கிரஸ் விழித்துக்கொண்டது. ஒரு மாநிலத்தின் சலுகை வேண்டுமென்றால் அங்கே 730 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். வீட்டை வாங்கி 1,215 நாள் ஆகவில்லையென்றால், 1,25,000 டாலர் மதிப்புக்குத்தான் பாதுகாப்பு என்று அப்போது வைத்தார்கள். (இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துகிறார்கள்.) அதற்கு மேல் பழைய ஆளாக இருந்து, தில்லுமுல்லு செய்யாமலும் இருந்தால், வீட்டுக் கடன் கொடுத்த பேங்க்காரர் மாதிரிச் சிலரைத் தவிர மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

ஆக, அமெரிக்காவில் திவாலாவதற்கும் முன்யோசனை வேண்டும். ஊர் ஊராக நிலம் வாங்கிய மாரிஸுக்கு, எந்த ஊரில் குடியிருப்பது என்ற ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லாமல் போய்விட்டது.